இருநூறு எழுத்துகளுக்குள்

பாஸ்போர்ட் படிவத்துக்கு ஞாபகம் ஐந்து வருடம்தான்.
கடந்த ஐந்தாண்டுகளில் தண்டனை பெற்றதுண்டா என்றது.
இல்லை என்றேன். உண்மை.
உண்மை இவ்வளவு லேசாக இருக்கும் என்று
அதுவரை தெரியாது.

விசாப் படிவம் வேறு ரகம்.
எப்போதாவது, என்று கேட்டது.
அந்த ஒரு சொல்லுக்கு முன்னால்
மண்ணடி டிராவல்ஸில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.
நயினார் பாய் மவுஸிலிருந்து கையெடுக்கவில்லை.
"இல்லன்னு ஒரு தட்டு தட்டிட்டுப் போயேம்பா,
பத்தொம்பது வருசத்த எவன் தோண்டப் போறான்?"

நான் கேரம் நடுவர்.
ஸ்டிரைக்கர் கோட்டைத் தொட்டதா இல்லையா என்று
வியாசர்பாடியிலிருந்து திருவொற்றியூர் வரை
என் கண்ணைத்தான் கேட்பார்கள்.
நூலிழை இடைவெளிக்கு ஃபவுல் சொல்லி
தண்டையார்பேட்டையில் சட்டை கிழிந்திருக்கிறது.
'ஆம்' தட்டுங்க பாய் என்றேன்.

ஆம் என்றதும் ஒரு பெட்டி திறந்தது.
விவரம் தருக. இருநூறு எழுத்துகளுக்குள்.

பிரிவு எண் போட்டோம். வருடம் போட்டோம்.
மூன்றாண்டு, புழல்,
நன்னடத்தைக்கு நான்கு மாதம் தள்ளுபடி.
இன்னும் அறுபத்தொன்று மிச்சம் காட்டியது.
சைக்கிள் செயினை எழுதலாம்.
அன்று கொருக்குப்பேட்டையில் கரண்டு இல்லாததை எழுதலாம்.
முதல் வீச்சு பயத்தில்,
இரண்டாவது பயமே இல்லாமல்;
இதை வக்கீலிடம்கூடச் சொன்னதில்லை.
தணிகைவேலின் இடது காது
அறுபத்தொரு எழுத்தில் நுழையவில்லை.
வெற்றாகவே விட்டு அனுப்பச் சொன்னேன்.

நாற்பத்து மூன்று நாள் கழித்து விசா வந்தது.
ஏன் கொடுத்தார்கள் என்று போட்டிருக்கவில்லை.

மீனம்பாக்கத்தில் பையைத் திறக்கச் சொன்னார்கள்.
நான்கு சட்டை, விதிப்புத்தகம், ஊறுகாய்,
அப்புறம் அந்த வெள்ளைப் பொட்டலங்கள், ஆறு.
"போரிக் பவுடர் மேடம், கேரம் போர்டுக்கு"
என்ற குரலுக்கு இருபது வயது.
கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்
ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.
யாரும் சொல்லவில்லை.
அந்த அம்மா ஒரு சிட்டிகை எடுத்து
மேஜைமேல் தேய்த்து
பேனா மூடியைச் சுண்டிப் பார்த்தார்.
வழுக்கிக்கொண்டு போய்க் கீழே விழுந்தது.
"எங்க வூட்லயும் போர்டு இருக்கு" என்றார்.
குனிந்து மூடியை எடுத்துக் கொடுத்தேன்.

அங்கே ஏழு நாள்.
நான் ஃபவுல் என்றால் நான்கு நாட்டுக்காரர்கள் தலையாட்டினார்கள்.
எந்தத் தெரு, யார் கோஷ்டி, என்ன கேஸ்,
ஒருத்தரும் கேட்கவில்லை.
நன்றாகத் தூக்கம் வந்தது.
அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இப்போது கொருக்குப்பேட்டை கேட்டில் நிற்கிறேன்.
கூட்ஸ் வண்டி. முப்பத்தெட்டுப் பெட்டி எண்ணியாயிற்று,
வால் தெரியவில்லை.
பைக்குகளை அணைத்துவிட்டார்கள்.
தண்ணிக் கேன் பையன் ஹேண்டில்பாரில் தலைசாய்த்திருக்கிறான்.
இந்த கேட்டைத் தாண்டக்கூடாதென்றே
பத்தொன்பது வருடம் சுற்றுவழியில் போனவன் நான்.

அந்தப் பக்கம் தணிகைவேலின் டிபன் கடை.
இட்லி கேட்பவர்கள்
அவனுக்கு வலப்பக்கமாய் வந்து நிற்க வேண்டும்
என்பது தெருவுக்கே பழக்கம்.
புதுசாய்க் குடிவந்தவர்களுக்கு ஏனென்று தெரியாது,
ஆனாலும் அப்படியே நிற்பார்களாம்.

என் பையில் ஒரு பிஸ்கட் டப்பா,
அந்த நாட்டு விலைச்சீட்டை இன்னும் உரிக்காமல்.

நாற்பத்தாறு. நாற்பத்தேழு.
கேட் தூக்கினால்
முதலில் அவன் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறான் என்று பார்க்க வேண்டும்.
இடப்பக்கம் நின்று சொன்னால் கேட்காது.
கேட்காது என்று தெரிந்துதான்
செருப்பு இப்போதே
அந்தப் பக்கமாய்த் திரும்பி நிற்கிறது.